மனதுக்கு மருந்து, இருதயத்துக்குக் காவல் யார்?

இரவு நன்றாகச் சாப்பிட்டார். டாக்டர் கொடுத்த மாத்திரையைப் போட்டுக்கொண்டார். படுத்தார். காலையில் எழுந்திருக்கவில்லை.

இப்படிப்பட்ட மரணங்கள் 1960-களில் பல நாடுகளின் மனநல ஆஸ்பத்திரிகளில் நடந்தன. இறந்தவர்களில் இளம் வயதினரும் உண்டு. உடலை அறுத்துப் பார்த்தார்கள். இருதயத்தில் அடைப்பு இல்லை. மூளையில் ரத்தக் கசிவு இல்லை. வயிற்றில் விஷம் இல்லை. "காரணம் தெரியவில்லை" என்று எழுதி ஏட்டை மூடினார்கள்.

காரணம் இருந்தது. ஆனால் கத்தி வைத்து அறுத்தால் அது கண்ணுக்குத் தெரியாது. உயிரோடு இருக்கும்போது ஒரு காகிதச் சுருளில் மட்டுமே தெரியும். அந்தக் காகிதத்தின் பெயர் இ.சி.ஜி. இருதயத்தின் மின்சார ஓட்டத்தைக் கோடாக வரைந்து காட்டும் படம் அது.

மனநோய் மருந்துகளில் சில, இருதயத்தின் துடிப்பு ஒழுங்கைக் கெடுக்கக்கூடும். இது 1963-ம் ஆண்டிலேயே டாக்டர்களின் ஏட்டில் வெளிவந்த உண்மை. இருந்தும், அப்படிக் கெடுத்த மருந்துகளில் முக்கியமான ஒன்றைக் கட்டுப்படுத்த 37 ஆண்டுகள் ஆயின. தயாரித்த கம்பெனியே அதைக் கைவிட 42 ஆண்டுகள் ஆயின.

ஏன் இத்தனை தாமதம்? இன்றைக்கு அந்த மருந்துகளைச் சாப்பிடுகிறவர்களின் வீட்டார் பயப்பட வேண்டுமா? மாத்திரையை நிறுத்திவிட வேண்டுமா?

நிறுத்தக் கூடாது. காரணம் என்ன என்பதைப் பார்க்கலாம்.

சங்கிலியை அவிழ்த்த மருந்து

மனநோய்க்குச் சரியான மருந்தே இல்லாத காலம் ஒன்று இருந்தது. நோய் முற்றியவர்களை அறையில் போட்டுப் பூட்டினார்கள். கை கால்களைக் கட்டினார்கள். உள்ளே போனவர்களில் பலர் திரும்பி வரவே இல்லை.

1950-ம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் இந்த நிலை மாறத் தொடங்கியது. பிரான்சு நாட்டில் ரோன்-பூலங்க் என்ற மருந்துக் கம்பெனி. அங்கே பால் ஷார்பாந்தியே என்ற ரசாயன நிபுணர் ஒரு புதிய மருந்தைச் செய்தார். அதன் பெயர் குளோர்புரோமசின்.

1952-ல் பாரிஸ் நகரத்தின் சாந்த் ஆன் ஆஸ்பத்திரியில் ழான் டிலே, பியேர் டெனிக்கர் என்ற இரண்டு டாக்டர்கள் அந்த மருந்தை நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். கூச்சல் அடங்கியது. காதில் ஒலித்த குரல்கள் குறைந்தன. பேச்சில் தெளிவு வந்தது. கட்டிப்போட்டவர்களை அவிழ்த்துவிட முடிந்தது. வீட்டுக்கு அனுப்பவும் முடிந்தது.

மருத்துவ உலகத்தில் அது பெரிய புரட்சி. சில ஆண்டுகளுக்குள் அதே இனத்தைச் சேர்ந்த பல மருந்துகள் வந்தன.

ஆனால் இந்த மருந்துகளுக்கு ஒரு குறை இருந்தது. சாப்பிட்டவர்களுக்குக் கை நடுங்கியது. உடம்பு விறைத்தது. முகம் மரப்பாவை முகம்போல் ஆயிற்று. இந்தத் தொல்லை குறைவாக இருக்கும் ஒரு மருந்தை டாக்டர்கள் தேடினார்கள்.

அந்தத் தேட்டத்துக்குப் பதிலாக 1950-களின் கடைசியில் ஒரு மருந்து கிடைத்தது. ஸ்விட்சர்லாந்தின் சான்டோஸ் கம்பெனி அதைச் செய்தது. மருந்தின் பெயர் தயோரிடசின். கடைப் பெயர் மெல்லரில். நடுக்கம் குறைவு. விறைப்பு குறைவு. டாக்டர்களுக்கு அதன்மேல் நம்பிக்கை வந்தது. பல லட்சம் பேர் சாப்பிட்டார்கள். தூங்காமல் தவித்த முதியவர்களுக்கும் கொடுத்தார்கள்.

1963-ல் வந்த எச்சரிக்கை

1963-ம் ஆண்டு கனடா நாட்டு மருத்துவ ஏட்டில் ஒரு கட்டுரை வந்தது. மூன்று டாக்டர்கள் சேர்ந்து எழுதியது. தயோரிடசின் சாப்பிட்டவர்களின் இ.சி.ஜி. கோடுகள் மாறுகின்றன என்று அவர்கள் சொன்னார்கள். அப்படி மாறியவர்களில் இரண்டு பேர் இறந்துபோனார்கள் என்றும் சொன்னார்கள்.

அன்று பலர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கோடு மாறினால் என்ன, ஆள் நன்றாகத்தானே இருக்கிறார் என்று நினைத்தார்கள். கோட்டில் வரும் அந்த மாறுதல் ஆபத்து இல்லாதது என்று கருதிய நிபுணர்களும் இருந்தார்கள்.

அந்தக் கோட்டில் என்ன இருக்கிறது? அதைத் தெரிந்துகொண்டால்தான் ஆபத்து புரியும்.

இருதயமும் கவலையும்

இருதயம் ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் தடவை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் முன்னால் ஒரு சிறிய மின்சார அலை இருதயத்தின் சதையில் ஓடுகிறது. அந்த அலை வந்ததும் சதை சுருங்கும். ரத்தம் வெளியே பாயும். பிறகு சதை பழைய நிலைக்கு வரவேண்டும். வந்தால்தான் அடுத்த துடிப்புக்குத் தயார்.

மாடு கட்டிக் கவலை இறைத்த காலம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். மாடுகள் சரிவில் இறங்கும். வடம் இழுபடும். கிணற்றிலிருந்து சால் மேலே வந்து தண்ணீரைக் கொட்டும். பிறகு மாடுகள் பின்னால் நடந்து பழைய இடத்துக்கு வரவேண்டும். சால் மறுபடியும் கிணற்றுக்குள் இறங்கி நிறைய வேண்டும்.

மாடுகள் பாதி வழி திரும்பும்போதே யாராவது தார்க்குச்சியால் குத்தி மறுபடியும் ஓட்டினால் என்ன ஆகும்? வடம் முறுக்கிக்கொள்ளும். சால் அந்தரத்தில் ஆடும். மாடுகள் ஓடும், தண்ணீர் வராது.

இருதயத்திலும் இதுதான் நடக்கிறது. மின்சார அலை தொடங்கும் இடத்தை இ.சி.ஜி. கோட்டில் கியூ என்பார்கள். சதை பழைய நிலைக்குத் திரும்பி முடிக்கும் இடத்தை டீ என்பார்கள். இந்தப் பெயர்களை வைத்தவர் ஹாலந்து நாட்டு விஞ்ஞானி வில்லெம் ஐந்தோவன். இ.சி.ஜி. கருவியைச் செய்ததற்காக 1924-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவருடைய முதல் கருவியின் எடை சுமார் 270 கிலோ. இன்று கையில் தூக்கிச் செல்லும் பெட்டியே போதும்.

கியூவிலிருந்து டீ வரை உள்ள நேரம்தான், மாடு இறங்கித் திரும்பி வரும் நேரம். அது சாதாரணமாக ஒரு வினாடியில் பாதிக்கும் குறைவு. ஒரு வினாடியை ஆயிரம் பங்காகப் பிரித்தால் சுமார் 400 பங்கு. இ.சி.ஜி. காகிதத்தில் ஒரு சிறு கட்டம் 40 பங்கு. ஆகவே பத்துச் சிறு கட்டம். நாடி வேகமாக ஓடினால் இந்த நேரம் குறையும். மெதுவாக ஓடினால் கூடும். அதற்குத் தக்கபடி டாக்டர்கள் கணக்கைச் சரிசெய்துகொள்வார்கள்.

ஆண்களுக்கு 450 பங்கைத் தாண்டினால் கவனிக்க வேண்டும். பெண்களுக்கு 460 பங்கைத் தாண்டினால் கவனிக்க வேண்டும். 500 பங்கைத் தாண்டினால் அபாயம்.

மருந்து என்ன செய்கிறது?

இருதயச் சதையின் ஒவ்வொரு அணுவிலும் மிகச் சிறிய வாசல்கள் உண்டு. பொட்டாசியம் என்ற உப்புச் சத்து அந்த வாசல் வழியாக வெளியேறும்போதுதான் சதை பழைய நிலைக்குத் திரும்புகிறது.

தயோரிடசின் போன்ற மருந்துகள் அந்த வாசலில் போய் அடைத்துக்கொள்கின்றன. பொட்டாசியம் வெளியேறத் தாமதம் ஆகிறது. சதை திரும்பத் தாமதம் ஆகிறது. கியூவுக்கும் டீக்கும் இடையே உள்ள தூரம் நீள்கிறது.

நீண்டால் மட்டும் உயிர் போகாது. பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அந்த நீண்ட நேரத்துக்குள் தப்பித் தவறி ஒரு துடிப்பு முந்திக்கொண்டு வந்தால், அதுதான் தார்க்குச்சி. இருதயம் கட்டுக்கடங்காமல் ஓடத் தொடங்கும். ஓட்டம் இருக்கும், ரத்தம் பாயாது.

1966-ல் பாரிஸ் டாக்டர் ஃபிரான்சுவா டெசர்தென் இந்த ஓட்டத்தை இ.சி.ஜி. காகிதத்தில் கண்டார். கோட்டின் முனைகள் கயிறு திரிப்பதுபோல் முறுக்கிக்கொண்டு போயின. அதற்கு "முனைகளின் முறுக்கு" என்று பொருள்படும் பிரெஞ்சுப் பெயரை வைத்தார். உலக டாக்டர்கள் இன்றும் அந்தப் பெயரைத்தான் சொல்கிறார்கள்.

இந்த ஓட்டம் சில வினாடிகளில் தானாக நின்றுவிட்டால், ஆள் மயங்கி விழுந்து எழுந்துவிடுவார். நிற்காவிட்டால் சில நிமிடங்களில் மரணம். மரணத்துக்குப் பிறகு மின்சார ஓட்டம் ஏது? அறுத்துப் பார்த்த டாக்டர்களுக்கு ஒன்றும் கிடைக்காததன் ரகசியம் இதுதான்.

சளி மாத்திரை சொன்ன பாடம்

1963-ல் எச்சரிக்கை வந்தது. அதன்பின்னும் தயோரிடசின் விற்றுக்கொண்டே இருந்தது. உலகம் எப்போது விழித்துக்கொண்டது? ஒரு சளி மாத்திரையால்!

டெர்ஃபெனடின் என்ற மாத்திரை அமெரிக்காவில் 1985-ல் கடைக்கு வந்தது. தும்மல், மூக்கில் நீர் வடிதல், அரிப்பு ஆகியவற்றுக்கு உரியது. தூக்கம் வராத மாத்திரை என்பதால் மிகவும் பிரபலம்.

1990-ல் அமெரிக்க மருத்துவ ஏட்டில் 39 வயதுப் பெண் ஒருவரின் விவரம் வெளியாயிற்று. அவர் இந்த மாத்திரையையும், பூஞ்சைக் காளானுக்கு உரிய இன்னொரு மாத்திரையையும் சேர்த்துச் சாப்பிட்டார். இருதயத் துடிப்பில் அதே முறுக்கு வந்தது. ஈரலில் முதல் மருந்து கரையாமல் இரண்டாவது மருந்து தடுத்துவிட்டது. ரத்தத்தில் மருந்து குவிந்தது. இருதயம் தடுமாறியது.

செய்தி பரவியது. அரசாங்கம் எச்சரித்தது. 1998-ம் ஆண்டுத் தொடக்கத்தில் அந்த மாத்திரை அமெரிக்கக் கடைகளை விட்டு மறைந்தது.

சளி மாத்திரைக்கு எட்டு ஆண்டுகள். மனநோய் மாத்திரைக்கு 42 ஆண்டுகள். ஏன் இந்த வித்தியாசம்?

ஒரு நியாயமான காரணம் உண்டு. சளிக்கு வேறு மாத்திரை எளிதில் கிடைக்கும். மனநோய்க்கு அப்படி இல்லை. ஒருவருக்குப் பொருந்திய மருந்தைப் பிடுங்கினால் நோய் திரும்பிவிடும். ஆகவே டாக்டர்கள் தயங்கினார்கள்.

ஆனால் வேறு காரணங்களும் உண்டு. அவை அவ்வளவு நியாயமானவை அல்ல.

சளி மாத்திரை சாப்பிட்டு ஒருவர் செத்தால், ஊரே "நேற்று வரை நன்றாக இருந்தாரே!" என்று கேட்கும். குடும்பம் கேட்கும். பத்திரிகை கேட்கும். மனநோயாளி செத்தால் கேட்பவர் குறைவு. "பாவம், கஷ்டம் தீர்ந்தது" என்று சொல்லிவிடுவார்கள்.

மயங்கி விழுந்தால் சளிக்காரரை இருதய டாக்டரிடம் கொண்டுபோவார்கள். மனநோயாளி மயங்கி விழுந்தால் "நோயின் கோளாறு" என்பார்கள். சில வேளை "நடிக்கிறார்" என்றும் சொல்வார்கள். இருதயம் முறுக்கும்போது கை கால் இழுத்துக்கொள்வதும் உண்டு. அதைக் காக்காய் வலிப்பு என்று எண்ணிவிடுவார்கள்.

மனதுக்கு ஒரு ஆஸ்பத்திரி, இருதயத்துக்கு இன்னொரு ஆஸ்பத்திரி என்று பிரிந்து கிடந்ததும் ஒரு காரணம். மாத்திரை எழுதிய இடத்தில் இ.சி.ஜி. பெட்டி இல்லை. பெட்டி இருந்த இடத்துக்கு நோயாளி போகவில்லை.

கதவு மூடியது

1990-களின் கடைசியில் நிலைமை மாறியது. சிப்ராசிடோன் என்ற புதிய மனநோய் மருந்து அமெரிக்க அரசாங்கத்தின் அனுமதிக்கு வந்தது. இருதயக் கோட்டை எவ்வளவு நீட்டுகிறது என்று அளந்து வா என்று 1998-ல் அதிகாரிகள் திருப்பி அனுப்பினார்கள்.

கம்பெனி பல மருந்துகளை ஒரே சோதனையில் அளந்தது. சிப்ராசிடோன் சுமார் 20 பங்கு நீட்டியது. பழைய மருந்தான ஹாலோபெரிடோல் 5 பங்குக்கும் குறைவாகவே நீட்டியது. தயோரிடசினோ சுமார் 36 பங்கு நீட்டியது! புது மருந்தை நிறுத்துப் பார்க்கப் போட்ட தராசில், பழைய மருந்தின் எடை தெரிந்துவிட்டது.

2000-ம் ஆண்டு ஜூலை மாதத்தில் அமெரிக்க அரசாங்கம் தயோரிடசினுக்குக் கடுமையான எச்சரிக்கை விதித்தது. வேறு எந்த மருந்தும் பலிக்காத மனச்சிதைவு நோயாளிகளுக்கு மட்டுமே கொடுக்க வேண்டும். கொடுக்கும் முன் இ.சி.ஜி. எடுக்க வேண்டும். ரத்தத்தில் பொட்டாசியம் பார்க்க வேண்டும். அதே ஆண்டு பிரிட்டனும் கட்டுப்பாடு விதித்தது.

2005-ல் சான்டோசின் வாரிசாகிய நோவார்ட்டிஸ் கம்பெனி மெல்லரில் விற்பனையையே நிறுத்தியது. அதே 2005-ல் உலக நாடுகளின் மருந்து அதிகாரிகள் சேர்ந்து ஒரு விதியை வெளியிட்டார்கள். புதிய மருந்து எதுவானாலும், அது இருதயக் கோட்டை நீட்டுகிறதா என்று அளந்து காட்ட வேண்டும் என்பது விதி.

பழங்கதை மட்டும் அல்ல

தயோரிடசினோடு விஷயம் முடிந்துவிடவில்லை.

ஹாலோபெரிடோல் மாத்திரை கோட்டைக் கொஞ்சமே நீட்டும். ஆனால் அதையே பெரிய அளவில் நரம்பு வழியாக ஊசி போட்டால் ஆபத்து கூடும் என்று 2007-ல் அமெரிக்க அரசாங்கம் எச்சரித்தது.

மனச்சோர்வுக்குக் கொடுக்கும் சிட்டலோபிராம் என்ற மாத்திரையை ஒரு நாளைக்கு 40 மில்லிகிராமுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று 2011-ல் உத்தரவு வந்தது. அதற்கு முன் 60 மில்லிகிராம் வரை கொடுத்து வந்தார்கள். 60 வயதைக் கடந்தவர்களுக்கு 20 மில்லிகிராமே உச்சம் என்று 2012-ல் சொன்னார்கள்.

2009-ல் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் எடுத்த ஒரு பெரிய கணக்கு வெளிவந்தது. மனநோய் மருந்து சாப்பிட்டவர்கள் சுமார் 90,000 பேர். சாப்பிடாதவர்கள் 1,86,600 பேர். மருந்து சாப்பிட்டவர்களிடையே திடீர் இருதய மரணம் ஏறத்தாழ இரண்டு மடங்கு இருந்தது. பழைய மருந்தானாலும் புதிய மருந்தானாலும் அதே கதைதான். மருந்தின் அளவு கூடக் கூட ஆபத்தும் கூடியது.

"இரண்டு மடங்கு" என்றதும் நெஞ்சு திடுக்கிடும். ஆனால் நிதானமாகப் பார்க்க வேண்டும். திடீர் இருதய மரணம் அபூர்வமாக வருவது. அபூர்வமானதன் இரண்டு மடங்கும் அபூர்வம்தான். மருந்து சாப்பிடுகிறவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இந்தக் கஷ்டம் வருவதில்லை.

மாத்திரையைத் தூக்கி எறிந்தால்?

தராசின் மறு தட்டையும் பார்க்க வேண்டும்.

ஃபின்லாந்து நாட்டில் ஒவ்வொரு நோயாளியின் மருந்துக் கணக்கும் அரசாங்க ஏட்டில் இருக்கிறது. மனச்சிதைவு நோயாளிகள் 62,250 பேரின் கணக்கை ஆராய்ந்து 2020-ல் வெளியிட்டார்கள். 20 ஆண்டுக் காலத்தில் இறந்தவர்கள் எத்தனை பேர்? மருந்து எடுக்காத நிலையில் நூற்றுக்கு 46 பேர். மருந்து எடுத்த நிலையில் நூற்றுக்கு 26 பேர்.

மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறவர்கள் மற்ற விஷயங்களிலும் நல்ல கவனிப்பு உள்ளவர்களாக இருக்கலாம். ஆகவே முழு வித்தியாசமும் மருந்தால் வந்தது என்று சொல்ல முடியாது. ஆனாலும் மருந்தை விட்டவர்கள் அதிக நாள் வாழ்ந்தார்கள் என்று அந்தக் கணக்கு சொல்லவில்லை. அதற்கு நேர் எதிராகவே சொல்கிறது.

காரணம் எளிது. மருந்து நின்றால் நோய் திரும்பும். நோய் திரும்பினால் சாப்பாடு இல்லை, தூக்கம் இல்லை. வீட்டை விட்டு ஓடுவதும், தற்கொலை எண்ணமும் வரும்.

இன்னொரு விஷயம். கடுமையான மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 ஆண்டுகள் முன்னதாக இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதில் பெரும் பங்கு மாரடைப்பு, நீரிழிவு, புகைபிடித்தல், கவனிக்காமல் விட்ட வியாதிகள் ஆகியவற்றால் வருகிறது. துடிப்பு ஒழுங்கை அதிகம் கெடுக்காத மருந்துகளில் சில, உடல் எடையையும் சர்க்கரையையும் ஏற்றுகின்றன. ஒலான்சபின் அப்படிப்பட்டது. ஆகவே எந்தக் குறையும் இல்லாத மருந்து என்று ஒன்று இல்லை. அவரவருக்கு எது பொருந்தும் என்று பார்த்துக் கொடுப்பதுதான் டாக்டரின் வேலை. பார்ப்பதற்கு வேண்டிய விவரத்தைக் கொடுப்பது வீட்டாரின் வேலை.

யாருக்கு ஜாக்கிரதை தேவை?

மருந்தினால் வரும் இந்த முறுக்கு பெண்களுக்கே அதிகம். வந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பெண்கள். முதியவர்களுக்கும் ஆபத்து கூடுதல். ஏற்கெனவே இருதய நோய் உள்ளவர்களுக்கும், ஈரல் அல்லது சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் அப்படியே.

சில குடும்பங்களில் பிறவியிலேயே கோடு நீண்டிருக்கும். இளம் வயதில் திடீரென்று இறந்தவர்களும், காரணம் இல்லாமல் மயங்கி விழுந்தவர்களும் குடும்பத்தில் இருந்தால் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்தால் உடம்பிலிருந்து பொட்டாசியம் வெளியேறிவிடும். நீர் பிரிய மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் பொட்டாசியம் குறையலாம். கிணற்றில் நீர் வற்றும்போது கவலை இறைப்பதுபோல, அந்த நேரத்தில் இருதயத்துக்குச் சிரமம் அதிகம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து, மருந்தோடு மருந்து சேர்வது. தொண்டை வலிக்குக் கொடுக்கும் எரித்ரோமைசின், அசித்ரோமைசின். வாந்திக்குக் கொடுக்கும் டாம்பெரிடோன், ஆண்டான்செட்ரான். பூஞ்சைக் காளானுக்குக் கொடுக்கும் ஃப்ளூகோனசோல் ஆகியவையும் இருதயக் கோட்டை நீட்டக்கூடியவை. 2020-ல் கொரோனா காலத்தில் மலேரியா மாத்திரையையும் அசித்ரோமைசினையும் சேர்த்துச் சாப்பிட வேண்டாம் என்று டாக்டர்கள் எச்சரித்ததற்குக் காரணமும் இதுவே.

தனித்தனியாக ஒவ்வொன்றும் நல்ல மருந்துதான். ஆனால் மனநோய் மாத்திரை சாப்பிடுகிறவர், அதைச் சொல்லாமல் கடையில் போய் "வாந்திக்கு ஒன்று கொடுங்கள்" என்று வாங்கினால் சிக்கல்.

வெட்கத்தின் விலை

இங்கேதான் குடும்பங்கள் ஒரு தவறு செய்கின்றன. மனநோய் மாத்திரையை மறைக்கிறார்கள்.

பெண்ணுக்குக் கல்யாணம் ஆகவேண்டும். வெளியே தெரிந்தால் என்ன நினைப்பார்கள்? மாமியார் வீட்டில் தெரிந்தால்? ஆகவே மாத்திரை அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு டப்பாவில் வைக்கிறார்கள். காய்ச்சலுக்குப் போகும் டாக்டரிடமும் சொல்வதில்லை. "வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா?" என்று அவர் கேட்டால், "ஒன்றும் இல்லை" என்று பதில் வருகிறது.

அந்த ஒரு பொய்யால் டாக்டரின் கண் கட்டப்பட்டுவிடுகிறது. மறைத்த மாத்திரையால் வரும் ஆபத்தைவிட, மறைத்ததால் வரும் ஆபத்து அதிகம்.

வீட்டார் செய்ய வேண்டியவை சிலவே. மருந்து தொடங்கும்போது, "இ.சி.ஜி. எடுக்க வேண்டுமா?" என்று டாக்டரைக் கேட்கலாம். அளவு கூட்டும்போதும், புதிதாக இன்னொரு மருந்து சேர்க்கும்போதும் கேட்கலாம். எல்லா மாத்திரைகளின் பெயரையும் அளவையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, எந்த டாக்டரிடம் போனாலும் அதைக் காட்டலாம். பல் டாக்டரானாலும் காட்டலாம்.

மருந்து சாப்பிடுகிறவர் திடீரென்று மயங்கி விழுந்தாலோ, நெஞ்சு படபடவென்று அடித்துக் கண் இருண்டாலோ, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். மயக்கம் தெளிந்துவிட்டது என்று வீட்டில் இருந்துவிடக் கூடாது. போகும்போது மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துப் போக வேண்டும்.

பயந்துபோய் மாத்திரையைத் தாங்களே நிறுத்துவதோ, பாதியாக உடைத்துக் கொடுப்பதோ கூடாது. மாற்ற வேண்டுமானால் டாக்டர் மாற்றுவார். மாற்று மருந்துகள் இன்று பல உண்டு.

சட்டம் சொல்வது

இந்தியாவில் 2017-ல் மனநலப் பராமரிப்புச் சட்டம் வந்தது. 2018-ல் அது நடைமுறைக்கு வந்தது. அதன் 21-வது பிரிவு முக்கியமானது. உடல் நோயாளிக்குக் கிடைக்கும் அதே மருத்துவக் கவனிப்பு மனநோயாளிக்கும் சமமாகக் கிடைக்க வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு.

காகிதத்தில் உள்ள அந்தச் சமத்துவம், ஆஸ்பத்திரி மேஜை மீது ஒரு இ.சி.ஜி. படமாக வரவேண்டும். மயங்கி விழுந்தவரைப் பார்த்து "நடிக்கிறார்" என்று சொல்லாமல், நாடியைப் பிடித்துப் பார்க்கும் கையாக வரவேண்டும். இறந்தவர் மனநோயாளியானாலும் "ஏன் இறந்தார்?" என்று கேட்கும் கேள்வியாக வரவேண்டும்.

1963-ல் கனடாவில் இரண்டு பேர் இறந்தபோது அந்தக் கேள்வியை மூன்று டாக்டர்கள் கேட்டார்கள். அன்று மற்றவர்களும் சேர்ந்து கேட்டிருந்தால் 42 ஆண்டுகள் ஆகியிருக்காது.

மனம் கலங்கியவரின் மார்பிலும் இருதயம் ஒரு நாளைக்கு ஒரு லட்சம் தடவை துடிக்கிறது. அதையும் ஒருவர் கேட்டுப் பார்க்க வேண்டும்.